பீரோவைத் திறக்காதீங்க அத்தை

அத்தை, அந்தப் பீரோவைத் திறக்காதீங்க.

கோவிச்சுக்காதீங்க. நீங்க மாப்பிள்ளையோட அம்மா, சாத்தூர்லருந்து வேன் பிடிச்சுப் பதினோரு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, மரியாதை எனக்கும் தெரியும். சீருக்கு வாங்கி வெச்ச பீரோ எப்படி இருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதானே? மெரூன் கலர். ஆளுயரக் கண்ணாடி. கைப்பிடி பளபளன்னு இருக்கு. பார்த்தாச்சு. வாங்க, ஹாலுக்குப் போவோம்.

இரையுதா? ஆமா, இரையும். உள்ள ஃபேன் ஓடுது.

பீரோவுக்குள்ள எதுக்கு ஃபேன்னு கேக்கறீங்க. பாருங்க, அம்மா என்னை இந்த ரூம்ல நிறுத்தினதே இந்தக் கேள்வி வரக் கூடாதுன்னுதான். "ஏட்டி பொன்மாரி, அவங்க யாராச்சும் வந்தா சாவி அப்பாகிட்ட இருக்குன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினே, பல்லைத் தட்டிருவேன்"னாங்க. சாவி அப்பாகிட்ட இல்ல. என் கழுத்துல கிடக்கு, இதோ. பொய் சொல்லத் தெரியாம இல்ல. சொன்ன பொய்யை ஞாபகம் வெச்சுக்கணும்ல, அதுக்கு எனக்குப் பொறுமை கிடையாது.

சரி, திறக்கறேன். கத்தக் கூடாது. அம்மா கத்தினதே தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

ம். பார்த்தாச்சா?

சேலை அடுக்கற தட்டுல இருக்கே மூணு கறுப்புப் பெட்டி, மூணும் கம்ப்யூட்டர். ஹேங்கர் மாட்டற கம்பியில தொங்கறது நெட் ஒயர். நகை வைக்கிற லாக்கர்ல பச்சையாக் கண்ணு சிமிட்டறது மோடம். அடித்தட்டுல கனமா உட்கார்ந்திருக்கறது யூ.பி.எஸ்., கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்கும். பின்பக்கமாக் கையை விட்டுப் பாருங்க. ரெண்டு ஓட்டை தட்டுப்படும். சூடு வெளிய போறதுக்கு. ஆமா, வெட்டிட்டோம். புதுப் பீரோதான். உங்க வீட்டுக்கு வரவேண்டிய பீரோதான்.

உட்காருங்க அத்தை, இந்தப் பழைய கட்டில்ல உட்காருங்க. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்ப எழுந்து போய் ஹால்ல சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. பின்னாடி பன்னிரண்டு இலை கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. நீங்க உட்கார்ந்து எங்க வீட்டுச் சோத்துல கை நனைச்சா சம்மதம். நனைக்காம காபியோட எழுந்தா, இந்தப் பேச்சு முடிஞ்சுது. அது உங்க இஷ்டம். ஆனா ஏன் வெட்டினோம்னு கேட்டுட்டுப் போங்க. பாதி தெரிஞ்சுக்கிட்டுப் போறவங்களைக் கண்டாத்தான் எனக்குக் கோவம் வரும்.

இது என் லேப்.

சிரிக்காதீங்க. லேப்னா ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கற இடம் மட்டும் இல்ல. எங்க ஸ்கூல்லயும் ஒரு லேப் இருந்துச்சு, கம்ப்யூட்டர் லேப். பூட்டியே இருக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை செருப்பைக் கழட்டிட்டு வரிசையா உள்ள விடுவாங்க. தூரத்துலருந்து பார்த்துக்கலாம். ரெக்கார்டு நோட்டுல கீபோர்டு படம் வரைஞ்சு கலர் அடிச்சேன், பத்துக்குப் பத்து போட்டாங்க. தொட்டே பார்க்காத பொருளுக்குப் பத்துக்குப் பத்து! "ஏன் மிஸ் பூட்டி வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "ஆளாளுக்குத் தொட்டா கெட்டுப் போகும்"னாங்க. "பூட்டி வெச்சாலும் கெட்டுப் போகும் மிஸ்"னேன். வெளிய நில்லுன்னாங்க. நின்னேன். அப்புறம் உள்ள போகவே இல்ல. அவ்வளவுதான், பதினொண்ணாம் வகுப்போட படிப்பு முடிஞ்சுது. ரெண்டு பாடத்துல ஃபெயிலும் ஆனேன், அதையும் சொல்லிடறேன். நாளைக்கு யாராவது வந்து உங்ககிட்ட ஓதுறதுக்கு முன்னாடி நானே சொன்னதா இருக்கட்டும்.

அக்கா அப்படி இல்ல. காளீஸ்வரி வாயே திறக்க மாட்டா, நீங்கதான் பார்த்தீங்களே. பி.எஸ்ஸி. முடிச்சா. இ-சேவை மையத்துல உட்கார்ந்து ஊர்ல இருக்கறவங்க சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்னு டைப் அடிச்சுட்டு இருந்தா. போன தை மாசம் மதுரையில ஒரு கம்பெனியில இன்டர்வியூ. நான்தான் துணைக்குப் போனேன். உள்ள அவகிட்ட கேட்டிருக்காங்க, "சர்வர்ல வேலை பார்த்திருக்கீங்களா?" இவ, "படிச்சிருக்கேன்"னு சொல்லியிருக்கா. "படிச்சது இருக்கட்டும். தொட்டிருக்கீங்களா?"

தொடலை. எங்க தொடுவா? காலேஜ்லயும் அதே பூட்டுதான்.

சர்வர்னா வேற ஒண்ணும் இல்ல அத்தை, தூங்காத கம்ப்யூட்டர். உலகத்துல எவன் எந்த நேரத்துல கேட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுக்கணும். நீங்க போன்ல பஸ் டிக்கெட் போடறீங்கல்ல, அந்தப் பக்கம் ஒரு மெஷின் முழிச்சுக்கிட்டு இருந்தாத்தான் டிக்கெட் வரும். அதைப் பார்த்துக்கற வேலைக்குத்தான் அவ போனா.

திரும்பி வரும்போது பஸ்ஸுல விருதுநகர் தாண்டியும் அழுதா. சத்தம் இல்லாம, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு. உங்க சாத்தூர் தாண்டினதும் கண்ணைத் துடைச்சுட்டு, "தொடணும்னா வீட்டுக்குக் கொண்டாந்துட வேண்டியதுதான்"னா. அது என் யோசனை. சரி, வாயால சொன்னது அவ. ஆனா சரின்னு சொன்னது நான். அப்ப யாரும் சரின்னு சொல்லலேன்னா அது பஸ்ஸோட போயிருக்கும்.

பட்ஜெட் போட்டோம். ஒரு காலண்டர் அட்டை இருந்துச்சு. முன்பக்கம் அம்மா கையெழுத்துல சீர் லிஸ்ட்: பீரோ, கட்டில், மெத்தை, கிரைண்டர், குத்துவிளக்கு. பின்பக்கம் அக்கா எழுதினா: மெஷின் மூணு, மெமரி, டிஸ்க், ஒயர், யூ.பி.எஸ். எழுதி முடிச்சுட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் முன்பக்கம் 'கட்டில்' மேல ஒரு கோடு இழுத்தா. கட்டிலுக்குன்னு அவ சம்பளத்துலதான் சேர்த்து வெச்சிருந்தா. "தரையில படுத்தா என்ன, முதுகு நிமிரும்"னா. அப்ப உங்களுக்கு வரவேண்டிய கட்டில் எங்க இருக்குன்னு புரியுதா அத்தை? அந்த மூணு பெட்டிக்குள்ள இருக்கு.

மதுரையில சையது பாய்னு ஒருத்தர். ஆபீஸ்கள்ல கழிச்சுப் போடறதை மொத்தமா எடுத்து விக்கிறவர். அவர் குடோன்ல நிஜமான சர்வரே இருந்துச்சு. இவ்வளவு நீளம், ஆள் ரெண்டு பேர் தூக்கணும், முன்னாடி வரிசையா லைட்டு. விலையும் கம்மி. நான் வேணாம்னேன். இல்ல. நான் அதுதான் வேணும்னு அங்கேயே உட்கார்ந்துட்டேன். அவதான் வேணாம்னா. "வாங்கறப்ப மலிவு. ஓடறப்ப ரெண்டு கிரைண்டரை ராவும் பகலும் ஓட்டற மாதிரி கரண்ட்டை இழுக்கும். சத்தத்துக்கு அப்பா தூங்க முடியாது. அதை மூணு மாசத்துல அணைச்சுப் போட்டுருவோம். அணைச்சுப் போட்ட சர்வர் எதுக்கு?"ன்னா. ஓரத்துல தூசி மூடிக் கிடந்த இந்தச் சின்னப் பெட்டிகளைக் காட்டினா. ஒவ்வொண்ணையும் திறந்து உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்து, பதினாலுல மூணைப் பொறுக்கினா. பாய் விலையில இறங்கவே இல்ல. நான் மூக்கை உள்ள விட்டு, "பாய், எலி மூத்திர நாத்தம் அடிக்குது"ன்னேன். பக்கத்துல வேற பார்ட்டி நின்னுக்கிட்டு இருந்தான். பாய் உடனே, "பாப்பா, சொன்ன விலைக்கே எடுத்துட்டுக் கிளம்பு"ன்னார். அது முழுக்க முழுக்க நான். அதுல அவளுக்குப் பங்கு கிடையாது.

வீட்டுக்கு வந்தாச்சு, வைக்க இடம் இல்ல. தரையில வெச்சா எலி. மேசையில வெச்சா தெருப் புழுதி. பூட்டு இருக்கணும், மூடி இருக்கணும், காத்தும் போகணும். அதுக்குன்னே இரும்பு ரேக் விக்கிறாங்க. விலையைப் பார்த்துட்டு ரெண்டு பேரும் போனைக் கவுத்து வெச்சுட்டோம். அப்படியே மல்லாந்து படுத்திருந்தோம். எதிர்ல இது. கனமான தகடு, உறுதியான தட்டு, பூட்டு, லாக்கர். ரெண்டு வருஷமா பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம நிக்குது, எப்பவோ வரப்போற மாப்பிள்ளைக்காக. ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷனுக்காக இரும்பைக் காலியா நிறுத்தி வெச்சிருக்கறதாவது!

அப்பா மில்லுல ஃபிட்டர். அவர் டிரில்லை எடுத்துட்டோம். நான்தான் ஓட்டை போட்டேன். வட்டம் வரைஞ்சது அவ, அளவெடுத்தது அவ. முதல் ஓட்டை நான் போட்டது, கோணலா இருக்கும். ரெண்டாவது அவ.

அம்மா போன மாசம் சேலை வைக்கத் திறந்தாங்க. கத்தினாங்க, அழுதாங்க, மூணு நாள் பேச்சே இல்ல. அப்பா வந்தார். பின்னாடி எக்கிப் பார்த்தார். ரெண்டாவது ஓட்டையை விரலால தடவிட்டு, "இதை யாரு போட்டது? பிசிறே இல்லையே"ன்னார். அவ்வளவுதான். சாப்பிடப் போயிட்டார்.

என்ன அத்தை, "அப்ப எல்லாத்தையும் காளீஸ்வரிதான் பண்ணியிருக்கா"ன்னு சொல்றீங்க? நான் அப்படியா சொன்னேன்? நானும்தான் பண்ணேன். தினமும் தூசி யார் துடைக்கறா? ஒயர் யார் சுருட்டறா? எனக்கு இதுல எல்லாம் தெரியும்.

மணி என்ன? பன்னிரண்டு நாற்பதா. நல்லவேளை.

ஏன் நல்லவேளைன்னா, இன்னைக்கு மூணு மணிக்கு இது முடியுது. பெங்களூர்ல ஒரு கம்பெனி. வீட்டுலருந்தே பார்க்கிற வேலை. அவங்க பரீட்சை தாள்ல இல்ல. ஒரு வெப்சைட்டைக் கொடுத்து, "இதை உன் மெஷின்ல ஏத்து, நாற்பத்தெட்டு மணி நேரம் விழாம நிறுத்திக் காட்டு"ன்னுட்டாங்க. நடுவுல அவங்களே உள்ள புகுந்து எதையாவது உடைச்சுட்டுப் போவாங்க, அதையும் இவ சரி பண்ணணும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஆரம்பிச்சுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அங்கருந்து தட்டிப் பார்க்கறாங்க, இருக்கியா, இருக்கியான்னு. ஒரு தடவை பதில் போகலேன்னா முடிஞ்சுது. ரெண்டு நாளா அவ இந்தப் பீரோ முன்னாடிதான் கிடக்கா. ஞாயிற்றுக்கிழமைன்னு நாள் குறிச்சது உங்க ஜோசியர். வெள்ளிக்கிழமைன்னு குறிச்சது கம்பெனி. ரெண்டையும் அவகிட்ட யாரும் கேக்கலை.

காலையில பட்டுச்சேலை கட்டிட்டு இந்தக் கண்ணாடியிலதான் பொட்டு வெச்சா. பொட்டு வெச்ச கையோட கதவைத் திறந்து, குனிஞ்சு, எதையோ தட்டிச் சரி பண்ணினா. தலையில வெச்ச மல்லிப்பூ ஒயர்ல மாட்டிக்கிச்சு. அதோ, கம்பியில ரெண்டு பூ தொங்குது பாருங்க. அப்புறம் போய் உங்களுக்கெல்லாம் காபி கொடுத்தா. கை நடுங்கிச்சுன்னு உங்க கூட வந்தவங்க சொன்னாங்களாம், பொண்ணுக்கு வெட்கம்னு. வெட்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. தூங்கி ரெண்டு நாள் ஆச்சு.

இன்னொண்ணும் கேக்கறேன். ஹால்ல நீங்க சொன்னது எனக்கு இங்க கேட்டுச்சு. "எங்க வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்ல"ன்னீங்க. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. உங்க பெயின்ட் கடையில யாரு உட்கார்றா? மாமாவா? மாமாவுக்கு ஆபரேஷன் ஆனதுலருந்து? பதினெட்டு வருஷமாவா! காலையில ஷட்டரைத் தூக்கறதே நீங்கதானா? அப்ப அதுக்கு உங்க வீட்டுல என்ன பேரு? வழக்கம் இல்லாததைப் பதினெட்டு வருஷமாப் பண்ணிட்டு, என் அக்காவுக்கு மட்டும் வழக்கம் சொல்றீங்க. தப்பா எடுத்தாலும் பரவால்ல. தப்பா எடுங்க.

அவ போயிட்டா எனக்கு என்ன? இந்த ரூம் முழுசா எனக்குத்தான். காலை நீட்டிப் படுப்பேன். பீரோ கதவை இஷ்டத்துக்குத் திறப்பேன். மெஷின்ல ஏதாவது ஆச்சுன்னா, ஆச்சுன்னா நானே பார்த்துப்பேன். அவளை வெச்சுக்கிட்டு நான் ஒண்ணும்...

அய்யோ. கரண்ட் போயிடுச்சு.

அந்தக் கீச் கீச் சத்தம் யூ.பி.எஸ்.தான். பேட்டரி பழசு, பன்னிரண்டு நிமிஷம் தாங்கும். பயப்படாதீங்க, இதுக்கும் பிளான் இருக்கு. எதிர்த்த வரிசை வீட்டுக்கெல்லாம் வேற லைன். இங்க போனா அங்க இருக்கும். செல்லத்தாய் சித்தி வீட்டுலருந்து ஒயர் இழுத்துக்கலாம்னு பேசி வெச்சிருக்கோம். ஒயர் கீழ் டிராயர்ல இருக்கு. இந்தா. இதோ எடுத்துட்டேன். இது எங்க... இந்த முனை எங்க போகுது? நான்தான் சுருட்டினேன், நல்லாத்தான் சுருட்டினேன். இது ஏன் இப்படிச் சிக்கிக் கிடக்கு? இழுத்தா இன்னும் இறுகுதே. அத்தை, இந்தப் பக்கம் பிடிங்க. இல்ல, அது இல்ல.

அக்கா! அக்கா, கீச்சுனு கத்துதுக்கா!

சொன்னா அவ. "சத்தம் கேட்டா என்னைக் கூப்பிடு. நீயா எதையும் தொடாத"ன்னு. காலையில மூணு தடவை சொன்னா.

வந்துட்டா. அக்கா, நான் வேணும்னு திறக்கலை, அத்தைதான்... சரி சரி, நான்தான் திறந்தேன். ஒயர் இந்தா.

பாருங்க அத்தை. பாருங்க அவ கையை. எப்படிச் சிக்கெடுக்கறா பாருங்க. முழங்கையில ரெண்டு சுத்து, உதறல், அவ்வளவுதான். பட்டுச்சேலை முந்தியை இடுப்புல சொருகிட்டா. ஒரு முனையை என் கையில கொடுத்துட்டு, மிச்சத்தைத் தோள்ல போட்டுட்டுப் போறா. ஹால் வழியாவே போறா! அம்மா தலையில கை வெச்சுட்டாங்க. உங்க அண்ணன் கேக்கறாரு, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்ன சொல்றா கேளுங்க: "கரண்ட் எடுக்கப் போறேன் மாமா, ரெண்டு நிமிஷம்." உங்க ஆளுங்ககிட்ட இன்னைக்கு அவ பேசின முதல் பேச்சு இது.

உங்க மகன் எழுந்திருச்சுட்டார். நாற்காலியைத் தூக்கறார். வெளிய போறாரோ? இல்ல. ஒயரை யாரும் மிதிக்கக் கூடாதுன்னு நாற்காலியெல்லாம் ஓரமாப் போடறார். சரி. இதை வெச்சு நான் அவரை நல்லவர்னு சொல்லிட மாட்டேன்.

தெருவைத் தாண்டிட்டா. சித்தி வீட்டுப் படி ஏறிட்டா. அத்தை, யூ.பி.எஸ். ப்ளக்கை எடுத்து இந்த ஒயர் சாக்கெட்டுல சொருகுங்க, நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. சொருகுங்க, மேல ரப்பர்தான், ஒண்ணும் பண்ணாது. அழுத்தமா. சாக்கெட் லூசு, பழசு, பட்ஜெட்டுல அதுக்குக் காசு இல்ல. அப்படியே அமுக்கிப் பிடிங்க.

கத்தறது நின்னுடுச்சு. மூணு பச்சை லைட்டும் எரியுது. எரியுதுல்ல? எரியுது. விழலை.

அத்தை, விடாதீங்க! விரலை எடுத்தா நழுவும். அப்படியே இருங்க.

ஒண்ணு சொல்லிடறேன். இது என் லேப்னு சொன்னேன்ல, இல்ல. அவளோடது. மூணு பெட்டியும் ரெண்டாவது ஓட்டையும் எல்லாம். என்னோடது அந்தக் கோணல் ஓட்டையும், சிக்கல் ஒயரும், எலி மூத்திரமும்தான். அவ எங்க போனாலும் இந்தப் பீரோ பின்னாடியே போகும், உள்ள இருக்கறதோட போகும். காலியாக் கொடுக்க மாட்டோம். காலிப் பீரோதான் வேணும்னா சாத்தூர்லயே கிடைக்கும், வாங்கிக்கோங்க.

ஏன் சிரிக்கறீங்க? கை ஆடுது, சிரிக்காதீங்க.

அம்மா, உள்ள வந்து கத்தாத. ஆமா, அத்தைதான் பிடிச்சிருக்காங்க. நான் வேணா பிடிக்கலாம்தான். கை மாத்தும்போது நழுவிட்டா யாரு பொறுப்பு?

மூணு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு அத்தை. இடது கையாலதானே பிடிச்சிருக்கீங்க? அப்ப வலது கை சும்மாத்தானே இருக்கு.

இலையை இங்கேயே கொண்டு வரச் சொல்லட்டுமா?